அரை அளவு மருந்து

வெளியே மைனஸ் இருபத்தாறு.
ஓவுலு ஆஸ்பத்திரியின் மூன்றாம் தியேட்டரில்
குப்புறப் படுத்திருக்கிறார் தாவேத்தி பெல்லிக்கா.
முகத்தைத் திருப்பாமலே பேசுகிறார்:
"நானும் உங்க தொழில்தான், டாக்டர்.
துளை போட்டு அளக்கிறது."

ஹைலுவோத்தோ தீவுக்குக் கடல்மேல் போகும்
பனிப்பாதையின் காவலர்.
இருநூறு மீட்டருக்கு ஒரு துளை,
துளைக்குள் விட்டு இழுக்கும் கொக்கிக்கோல்.
எது தாங்கும், எது தாங்காது என்று
இருபத்தெட்டுக் குளிர்காலம் எழுதிவைத்தவர்.
அவர் கணக்கில் ஒரு காரும் முழுகியதில்லை.

பதினோரு வயதில் வந்த சர்க்கரை.
ஐம்பத்திரண்டு வருஷ ஊசி.
போன மாதம் சௌனாவில்
அடுப்புக் கல் ஒன்று கழன்று உருண்டு
இடது பாதத்தின் ஓரத்தில் சாய்ந்து கிடந்திருக்கிறது.
அவருக்கு உறைக்கவில்லை.
கதவைத் திறந்த மனைவிதான் கேட்டாளாம்,
என்ன கருகுது என்று.

இன்றைக்கு இரண்டு விரல் போகிறது.
முழு மயக்கத்தை அவர் இதயம் தாங்காது.
முழங்காலின் பின்குழியில்
பெரிய நரம்பு இரண்டாய்ப் பிரியுமிடத்தில்
மருந்தைச் சுற்றி விட வேண்டும்,
நரம்புக்குள் விடக்கூடாது.
என் வேலை அவ்வளவுதான்.

திரையில் தேடுகிறேன்.
தேன்கூடுபோல் அறை அறையாய்த் தெரிய வேண்டியது
ஊறிய கயிறுபோல் பருத்து
விளிம்பு கலங்கிக் கிடக்கிறது.
ஊசிமுனையில் மின்சாரம்: புள்ளி ஐந்து.
வேறு பாதமாயிருந்தால் இந்நேரம் துள்ளியிருக்கும்.
ஒன்று.
ஒன்று புள்ளி நான்கு.
சைமி பாதத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

இன்னும் கொஞ்சம் உள்ளே, என்கிறது கை.
கையை நம்பாதே, என்கிறது கண்.
பேசாத நரம்பை
தூரத்தில் இருக்கும் நரம்பென்று நினைத்துக்
குத்திவிட முடியும்.
மயிரிழை பின்வாங்கி
வழக்கத்தில் பாதியை மட்டும் விடுகிறேன்.

மரத்ததா என்று எப்படிக் கேட்பது?
எல்லோரிடமும் பனித்துண்டை வைத்து
"சில்லென்று இருக்கா?" என்போம்.
முன்பே மரத்த காலிடம் அது கேள்வியே இல்லை.
அதனால் நேற்று இரவே
சைமி நீலப் பேனாவால் கெண்டைக்காலைச் சுற்றி
ஒரு கோடு போட்டிருந்தாள்:
இதற்குக் கீழே ஆளில்லை.
கோட்டுக்கு மேலே வைக்கிறேன்.
"இருக்கு," என்கிறார். "இருக்கு.
ம். இப்ப இல்லை."
கடிகாரத்தில் நான்கு நிமிடம்.
இருபது ஆகியிருக்க வேண்டும்.
அரித்த கரையில் வெள்ளத்துக்கு அவசரம் அதிகம்.

விரல்களை எடுத்தார்கள். அவர் குறட்டை விட்டார்.

அதற்குப் பிறகுதான் என் நேரம் தொடங்கியது.
பன்னிரண்டு மணி நேரத்தில் திரும்ப வேண்டிய உணர்வு
பதினெட்டிலும் வரவில்லை.
பணி முடிந்தும் வீட்டுக்குப் போகாமல்
காபி மெஷினுக்கும் ஒன்பதாம் அறைக்கும் நடந்தேன்.
சர்க்கரை எடுத்ததும் நான் எடுத்ததும்
ஒரே காலில் இருந்தால்
யார் கணக்கை யார் பிரிப்பது?
இருபத்து நான்கு.
என்னைத் தேற்றியவர் அவர்தான்:
"மேலே பனிமூட்டம் படுத்திருந்தா
கீழே கட்டி கெட்டியாக நாளாகும், டாக்டர்.
அவசரப்பட்டு லாரியை விடக்கூடாது."

முப்பத்தொன்றாம் மணியில் அழைப்புமணி.
எறும்பு ஊர்வதுபோல் இருக்கிறதாம்.
அந்த எறும்புகளை நான் வரவேற்றதுபோல்
யாரும் வரவேற்றிருக்க மாட்டார்கள்.
பனித்துண்டோடு குனிந்தேன்.
இருக்கு. இருக்கு. இருக்கு.
நீலக் கோட்டுக்கு
ஒரு விரற்கடை மேலேயே
இல்லை.

அளவுநாடாவை மறுபடி வைத்துப் பார்த்தேன்.
அவரும் எட்டிப் பார்த்தார், தொழில்காரராய்.
"வருஷா வருஷம் கடலும்
கரையில கொஞ்சம் விட்டுட்டுத்தான் உறையுது," என்றார்.
அது மன்னிப்பா, வெறும் தகவலா,
எனக்குத் தெரியவில்லை.

ஏட்டில் எழுதினேன்:
உணர்வு திரும்பியது. எல்லை ஒரு விரற்கடை உயர்வு.
காரணம் என்ற கட்டத்தில்
பேனா வைத்த இடத்தில்
மை ஊறிக்கொண்டிருந்தது.